அறைக்கும் மாதிரி பார்த்தே பணம் கொடுப்போம்

கொள்முதலுக்கு வெளியூர் செல்லும் வியாபாரிக்கு லாட்ஜ் அறை ஆடம்பரமல்ல. தொழிலுக்கு வேண்டிய செலவு. ஈரோட்டு மஞ்சள் ஏலத்துக்குப் போகிறவர் விரலியையும் கிழங்கையும் உடைத்துப் பார்த்து விலை குறிக்க வேண்டும். இரவெல்லாம் கொசு அடித்துக் கிடந்தவருக்குக் கண் தெளியுமா? குவிண்டாலுக்கு 50 ரூபாய் கூட்டிக் குறித்துவிட்டால், 100 குவிண்டாலில் 5,000 ரூபாய் போயிற்று.

சென்ற மாதம் அங்கே நான் தங்கிய லாட்ஜில் வாடகை 900 ரூபாய். குழாயில் தண்ணீர் இல்லை. தலையணை உறை மாற்றவில்லை. கேட்டால், "ஒரு ராத்திரிதானுங்களே, அனுசரிச்சுக்குங்க" என்றார் மேலாளர். நாம் ஒரு கிலோ பருப்பில் 50 கிராம் குறைத்துவிட்டு இப்படிச் சொல்ல முடியுமா? முத்திரை ஆய்வாளர் விடுவாரா?

2025 செப்டம்பரில் இத்தகைய அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆனது. நல்லதுதான், ஆனால் வரி குறைந்தால் குழாயில் தண்ணீர் வந்துவிடாது.

ஈரோடு, விருதுநகர், குண்டூர் போன்ற கொள்முதல் ஊர்களில் உள்ள நல்ல லாட்ஜுகளின் பட்டியலை உறுப்பினர்களிடம் கேட்டு, நம் சங்கம் இவ்விதழில் வெளியிட வேண்டும். நம்மை நம்பிப் பிழைக்கும் லாட்ஜ்காரர்கள் தாமே திருந்துவார்கள். அதுவரை, குழாயைத் திறந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். மாதிரி பார்க்காமல் நாம் சரக்கு வாங்குவதுண்டா?