பெயரும் காரணமும்: உல்லாசக் கப்பல்கள் உணர்த்தும் பாடம்

பெயரிடுதல் என்பது மாந்தர் சொல்லின்மீது கொண்ட நம்பிக்கையின் வெளிப்பாடாகும். தொல்காப்பியர் சொல்லதிகாரத்துள் பெயரியல் எனத் தனி இயலே வகுத்தார். நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்துக் காட்டினார். மரம் என்பது இடுகுறி. பறத்தலால் பறவை என்பது காரணப் பெயர். இப்பகுப்பைத் தேர்வுக்கென மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் மாணவர் பலர். ஆயின் இலக்கண நூலில் உறங்கும் இப்பகுப்பு, இன்றைய உலக வணிகத்தையும் எடைபோடத் தக்கதோர் உரைகல் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்கு எடுத்துக்காட்டாகக் கடலில் மிதக்கும் நகரங்கள் எனத்தக்க உல்லாசப் பயணக் கப்பல்களின் பெயர்களை இங்குக் காண்போம்.

விகுதியே குலப்பெயர்

பழைய கப்பல் நிறுவனங்கள் பெயர் வைப்பதில் ஓர் ஒழுங்கைப் பேணின. பிரிட்டனின் குனார்டு நிறுவனத்தார் 1840ஆம் ஆண்டின் பிரிட்டானியா தொடங்கி, லூசிட்டானியா, மாரிட்டானியா, அக்குவிட்டானியா என 'இயா' என்னும் ஒலியில் முடியும் பெயர்களைப் பெரிதும் விரும்பினர். அவர்தம் போட்டியாளராகிய ஒயிட் ஸ்டார் நிறுவனத்தார் ஒலிம்பிக், டைட்டானிக் என 'இக்' என்னும் இறுதியைக் கைக்கொண்டனர். பெயரின் இறுதி ஒலியைக் கேட்ட அளவிலேயே கப்பல் எவருடையது எனத் துறைமுகத்தார் அறிந்தனர். நம் இலக்கண மொழியிற் கூறின், பகுதி கப்பலுக்கு உரியது. விகுதி குலத்துக்கு உரியது.

டச்சுக்காரரின் ஹாலந்து அமெரிக்கா நிறுவனம் இதற்கு மிகச் சிறந்த சான்று. அந்நிறுவனத்தின் முதற்கப்பல் 1872ஆம் ஆண்டில் ஓடிய ராட்டர்டாம். ராட்டே என்னும் ஆற்றின் குறுக்கே எழுந்த அணையைச் சுற்றி வளர்ந்த ஊராதலின் அவ்வூருக்கு அப்பெயர். அவ்வூரில் தோன்றிய நிறுவனத்தின் கப்பலுக்கும் அதுவே பெயராயிற்று. ஐயமின்றி இது காரணப் பெயர். பின்னர் அணை எனப் பொருள்படும் 'டாம்' என்னும் சொல் அந்நிறுவனக் கப்பல்களுக்கெல்லாம் விகுதிபோல் ஒட்டிக்கொண்டது. 2002 முதல் 2006 வரை வந்த ஸௌடர்டாம், ஊஸ்டர்டாம், வெஸ்டர்டாம், நூர்டாம் ஆகிய நான்கு கப்பல்களும் முறையே தெற்கு, கிழக்கு, மேற்கு, வடக்கு என்னும் திசைச் சொற்களோடு அவ்விகுதி சேர்ந்து அமைந்தவை. 2016இல் வந்த கோனிங்ஸ்டாம் அரசரைக் குறிப்பது. ஆறும் இல்லை, அணையும் இல்லை, ஒலி மட்டும் எஞ்சியது. காரணப் பெயர் மெல்ல இடுகுறியாகத் தேய்ந்த வரலாறு இது. எனினும் அதில் மரபின் மணம் இன்னும் மிஞ்சியிருக்கிறது எனலாம்.

விற்பனைக்கு வந்த கனவுகள்

ஊரிலிருந்து ஊருக்குச் செல்வதற்கன்றிக் கடலில் உலவி மகிழ்வதற்கென்றே கப்பல்கள் கட்டப்பட்ட பின்னர் இம்மரபு முற்றிலும் மாறியது. நார்வே நாட்டுக் கப்பல் முதலாளிகள் கூடித் தொடங்கிய ராயல் கரீபியன் நிறுவனத்தின் முதற்கப்பல் 1970இல் வந்தது. அதன் பெயர் 'நார்வேயின் பாடல்' எனப் பொருள்படும் சாங் ஆஃப் நார்வே. அடுத்து வந்தவை நார்டிக் பிரின்ஸ், சன் வைக்கிங். பிறந்த மண்ணின் பெயரைத் தாங்கிய பெயர்கள் இவை. 1988இல் வந்த சாவரின் ஆஃப் தி சீஸ் கப்பலோடு 'கடல்களின்' என்னும் ஒட்டு நுழைந்தது. 2008இல் இரு புதுக்கப்பல்களுக்குப் பெயர் கேட்டுப் பொதுமக்களிடையே போட்டி நடத்தி, ஒயாசிஸ் என்றும் அல்லூர் என்றும் பெயர் சூட்டினர். ஒயாசிஸ் என்பது பாலைச்சோலை. நீரற்ற மணற்பரப்பில் நீரூற்றைக் கண்ட வழிப்போக்கனின் மகிழ்ச்சி அச்சொல்லில் உள்ளது. நாற்புறமும் நீர் சூழ்ந்த கடலில் பாலைச்சோலைக்கு என்ன வேலை என்று எவரும் வினவவில்லை! 2024இல் புறப்பட்ட ஐக்கான் ஆஃப் தி சீஸ் 2,48,663 மொத்தக் கொள்ளளவு டன் உடையது. 7,600 பயணியர்வரை ஏற்றவல்லது. அத்துணைப் பெருங்கலத்துக்கு 'முத்திரைச் சின்னம்' என்பதற்குமேல் ஒரு பெயர் கிட்டவில்லை.

டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களை நோக்குக: மாயம், விந்தை, கனவு, கற்பனை, விருப்பம், புதையல், விதி. 1998 முதல் 2025 வரை வந்த இவை யாவும் உணர்ச்சியின் பெயர்கள். ஓர் ஊரோ, ஓர் ஆளோ, ஒரு நிகழ்ச்சியோ இவற்றுள் இல்லை.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கப்பல் கட்டுமானத் தளத்தில் இரும்பாகக் கிடக்கும்போதே பயணச்சீட்டு விற்பனைக்கு வந்துவிடுகிறது. வாங்குவோன் காண்பது ஒரு படமும் ஒரு பெயருமே. அப்பெயர் பல மொழியினர் நாவிலும் எளிதில் புரள வேண்டும். எம்மொழியிலும் தீப்பொருள் தரலாகாது. பிறர் பதிவுசெய்த வணிகப் பெயராக இருத்தலும் ஆகாது. இத்தனை சல்லடைகளில் சலித்தபின் எஞ்சுவது யாருக்கும் வலிக்காத, யாரையும் நினைவூட்டாத ஒரு சொல்லே.

பொதுமக்களிடம் விட்டாலும் இடர் உண்டு. 2016இல் பிரிட்டனின் துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டு வாக்கெடுப்பு நடத்தினர். 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்னும் விளையாட்டுப் பெயர் 1,24,109 வாக்குகள் பெற்று முதலிடம் வந்தது! ஆட்சியாளர் அதனை ஏலாது, இயற்கை அறிஞர் டேவிட் அட்டன்பரோவின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டி, மக்கள் தேர்ந்த பெயரை அக்கப்பலின் சிறு நீர்மூழ்கிக் கருவிக்கு அளித்தனர். பெயரிடும் உரிமை எளிது. பெயரிடும் பொறுப்பு அரிது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பெயர் பொய்த்த போது

இத்தாலியின் கோஸ்டா நிறுவனம் 2006இல் ஒரு கப்பலை இயக்கியது. ஐரோப்பிய நாடுகளிடையே நல்லிணக்கம் நிலவ வேண்டும் என்னும் விழைவால் அதற்குக் கன்கார்டியா எனப் பெயர் வைத்தனர். தளங்களுக்கும் ஐரோப்பிய நாடுகளின் பெயர்களை இட்டனர். 2012 ஜனவரி 13 அன்று, ஜீலியோ தீவின் கரையோரப் பாறையில் மோதி அக்கப்பல் சாய்ந்தது. 32 உயிர்கள் மாண்டன. பயணியர் எல்லாரும் இறங்குமுன்னரே கப்பலை விட்டகன்ற கப்பற்றலைவருக்கு 2015இல் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நல்லிணக்கம் என்னும் பெயர் நன்று. ஆனால் பெயர் சுக்கான் பிடிக்காது.

டயமண்ட் பிரின்சஸ் கப்பலின் வரலாறு இதனினும் வியப்புடையது. 2002 அக்டோபரில் ஜப்பானின் நாகசாகித் தளத்தில் அப்பெயரோடு உருவாகிக்கொண்டிருந்த கப்பல் தீப்பற்றியது. வைர இளவரசிக்கு வாங்கியிருந்தோரை நெடிது காக்கவைக்காது இருக்க, அருகிற் கட்டப்பட்டு வந்த நீலக்கல் இளவரசியின் பெயரை எரிந்த கப்பலுக்கு மாற்றி, அதன் பெயரை இதற்குச் சூட்டினர். கலம் பிறக்கும் முன்னரே பெயர் கைமாறியது. இடுகுறிக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? ஆனால் 2020 பிப்ரவரியில் யோகோகாமாத் துறையில் 3,711 பேருடன் அக்கப்பல் தனிமைப்படுத்தப்பட்டு, 700க்கு மேற்பட்டோரைக் கொரோனா தொற்றியபோது, அப்பெயருக்கு ஒரு காரணம் வந்து சேர்ந்தது. அதிலிருந்த இந்தியர் 138 பேருள் 132 பேர் பணியாளர். அவர்தம் இல்லங்களில் 'வைர இளவரசி' என்னும் பெயர் இன்று எந்தப் பொருளைத் தரும் என்பதை எந்த விளம்பரமும் முடிவுசெய்ய இயலாது.

பெயர் மாற்றமும் மாறா எண்ணும்

2013 பிப்ரவரியில் கார்னிவல் டிரையம்ஃப் என்னும் கப்பல், பொறியறைத் தீயால் மின்சாரம் இழந்து மெக்சிகோ வளைகுடாவில் பல நாள் தவித்தது. டிரையம்ஃப் என்றால் வெற்றி. 2019இல் அது புதுப்பிக்கப்பட்டு கார்னிவல் சன்ரைஸ், அதாவது கதிரவன் எழுச்சி, ஆயிற்று. அதே நிறுவனத்தின் முதற்கப்பலாகிய மார்டி கிரா 1972இல் தன் முதற்பயணத்திலேயே மியாமிக்கு அருகே தரைதட்டியது. எனினும் அப்பெயரை மறைக்காது, 2021இல் புதுக்கப்பல் ஒன்றுக்கு மீண்டும் சூட்டினர். ஒரே வீட்டில் மறதியும் நினைவும் அருகருகே வாழ்கின்றன.

எல்லாப் பெயர் மாற்றமும் குற்றமன்று. உடைமை மாறும்போது பெயர் மாறுதல் இயல்பே. 1990இல் நார்டிக் எம்பிரஸ் எனப் பிறந்த கப்பல், 2004இல் எம்பிரஸ் ஆஃப் தி சீஸ் ஆகி, பின்னர் எம்பிரஸ் என்று சுருங்கி, கார்டீலியா நிறுவனத்தின் கலமாக 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. வேர்ல்டு டிரீம் என்னும் கப்பலைச் சவூதி நிறுவனம் வாங்கி, அரோயா எனப் பெயரிட்டு 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து இயக்கியது. அரேபியா என்பதோடு ருஃயா என்னும் கனவுச் சொல்லைப் பிணைத்த பெயர் அது. ஆங்கிலக் கனவு அரபுக் கனவாயிற்று; கனவு கனவாகவே நீடித்தது. பிரான்சு நாட்டின் பெருமையாக 1962இல் ஓடத் தொடங்கிய ஃபிரான்ஸ், 1979இல் நார்வே ஆகி, இறுதியில் புளூ லேடி என்னும் பெயரோடு 2006இல் நம் குசராத்தின் அலாங் கடற்கரையை அடைந்தது, அங்கே உடைக்கப்பட்டது. ஒரு நாட்டின் பெயரைத் தாங்கிய கலத்தை, நாடற்ற பெயரோடு நம் தொழிலாளர் பிரித்தெடுத்தனர்.

ஆயினும் மாறாதது ஒன்று உண்டு. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் விதிப்படி 1996 முதல் கப்பல்களுக்கு ஏழிலக்க எண் கட்டாயமாயிற்று. பெயர், கொடி, உடைமை எது மாறினும் அவ்வெண் மாறாது. கப்பலின் பின்புறத்தில் பெயருக்குக் கீழே மற்றொரு வரியும் உண்டு. அது பதிவுத் துறைமுகத்தின் பெயர். 2011இல் குனார்டு நிறுவனம், கப்பலில் திருமணம் நடத்திவைக்கும் வாய்ப்பைக் காரணம் காட்டி, தன் அரசியர் பெயர்தாங்கிய கப்பல்களின் பதிவைச் சவுதாம்ப்டனிலிருந்து பெர்முடாவின் ஹாமில்டனுக்கு மாற்றியது. முதல் வரி நம் மனத்தோடு பேசுகிறது. இரண்டாம் வரி சட்டத்தோடு பேசுகிறது. இரண்டையும் படிக்கக் கற்றவனே படித்தவன்.

எனவே ஒரு கருத்தை இங்கு வலியுறுத்த விரும்புகிறோம். பெயர் மாறிய கப்பலின் பயணச்சீட்டில் பழைய பெயரும், மாறா எண்ணும் அச்சிடப்பட வேண்டும். வீடு வாங்குவோன் மூலப்பத்திரம் கேட்பதில்லையா? உயிரை ஒப்படைப்போன் கலத்தின் பழம்பெயரைக் கேட்டல் எவ்வகையில் தவறாகும்?

ஈட்டப்படும் காரணம்

நம் முதியோர் பலர் அறிந்த கப்பல் ஒன்று உண்டு. 1926இல் கட்டப்பட்டு, 1973 வரை அப்பெயரோடு ஓடிய ரஜூலா. சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் இணைத்தது அது. உல்லாசக் கப்பலன்று, பிழைப்புக் கப்பல். ரஜூலா என்பது குசராத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். தமிழர்க்கு அவ்வூரோடு யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் கடல்கடந்து உழைத்தோர் குடும்பங்களில் அச்சொல் பிரிவையும், கடிதத்தையும், திரும்பி வருதலையும் குறித்தது. வெற்று ஒலியாக வந்த பெயருக்கு, அது சுமந்த மக்களே காரணம் ஈட்டித் தந்தனர்.

இலக்கணம் கூறாத மூன்றாவது வகை இதுவே: இட்டபின் ஈட்டப்படும் காரணம். குழந்தைக்கு அழகிய பெயர் இடுவதைப் பெற்றோர் கடமையாகப் போற்றுவது நம் மரபு. அறக்கட்டளைக்கும், பள்ளிக்கும், வணிக நிலையத்துக்கும் நேர்மை என்றும், ஒற்றுமை என்றும், அமைதி என்றும் பெயர் சூட்டுகிறோம். அப்பெயர்ப் பலகைகளின்கீழ் நிகழும் செயல் என்ன என்பதே வினா. மாணவமணிகளே! உங்கள் பெயரை உங்களுக்கு இட்டவர் பிறர்; அது இடுகுறி. அதனைக் காரணப் பெயராக்கும் பணி உங்களுடையது.