கருமுட்டைக்குச் சாதி தெரியாது

சேலம், நாமக்கல் பக்கம் கல்யாணமாகி ஒரு வருடம் போனால் "ஏதும் விசேஷம் உண்டா?" என்ற கேள்வி பெண்ணிடம்தான் வரும். இன்னும் சில வருடம் போனால் "மலடி" என்ற பட்டமும் அவளுக்குத்தான். அறிவியல் என்ன சொல்கிறது?

கருமுட்டை முதிர்வதற்கென்றே சில மரபணுக்கள் உள்ளன. டி.யு.பி.பி.8 அவற்றில் ஒன்று. அது பழுதானால் எத்தனை ஊசி போட்டாலும் முட்டை முதிராது. 2016இல் வெளிவந்த ஆய்வு, பல குடும்பங்களில் அந்தப் பழுது தகப்பன் வழியாக வந்ததைக் காட்டியது. ஆணுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, பிள்ளை பெறுகிறான். பழி மட்டும் மகள் தலையில்.

முட்டையின் மேலுறைக்கான இசட்.பி.1 மரபணு வேறு வகை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் பாதிப்பு. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்திலேயே கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது. அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று 1916இலேயே சொன்னார் அண்ணல் அம்பேத்கர். சாதியும் சொத்தும் வெளியே போகக்கூடாது என்று போட்ட வேலி, சொந்தப் பெண்ணின் வயிற்றையும் சேர்த்தே அடைக்கிறது.

இப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு இன்னொருத்தியின் கருமுட்டைதான் வழி. அங்கேயும் சாதி பார்த்து, நிறம் பார்த்து முட்டை கேட்கிறார்கள். கொடுப்பது யார்? வறுமையில் இருக்கும் பெண்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 23 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் ஏழு முட்டைகள், விற்பனை கூடாது. ஆனால் 2022இல் ஈரோட்டில் வெளிவந்தது என்ன? 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதார் தயாரித்துப் பலமுறை கருமுட்டை எடுத்து விற்றார்கள். விசாரணை சேலம் மருத்துவமனை வரை போனது.

இதே மண்ணில்தான் 2015இல், திருச்செங்கோடு கோயிலில் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்டார். ரத்தத் தூய்மை பேசி ஆணவக்கொலை செய்யும் ஊரில், ஏழைச் சிறுமியின் கருமுட்டை மட்டும் சத்தமில்லாமல் விலைக்குப் போகிறது.

சேலம் அரசு மருத்துவமனையில் கணவன், மனைவி இருவருக்கும் இலவசக் கருத்தரிப்புச் சிகிச்சையும் மரபணுப் பரிசோதனையும் வேண்டும். முட்டை கொடுக்கும் பெண்ணின் வயதையும் சம்மதத்தையும் அரசே நேரில் சரிபார்க்க வேண்டும். சாதி கேட்டு முட்டை கொடுக்கும் மையத்தின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும்.