பிடுங்காதீர்கள், பெயரைச் சொல்லிக் கொடுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் காரைக்காலைச் சுற்றியுள்ள வேலிகளில் காந்தள் பூக்கத் தொடங்கும். இப்போது வேலிகள் மதில்களாகிவிட்டன. தப்பி முளைக்கும் ஒன்றிரண்டு கொடியையும் "விஷச்செடி, வீட்டுக்கு ஆகாது" என்று பிடுங்கிப் போடுகிறார்கள். இது சரியில்லை என்பது என் கருத்து.

விஷம் என்பது உண்மைதான். கிழங்கு, விதை, இலை, பூ எல்லாவற்றிலும் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு 'கோல்ஷிக்' என்ற சொல் நினைவிருக்கலாம். ஐரோப்பியப் புல்வெளிகளில் இலையுதிர் காலத்தில் பூக்கும் ஊதா நிறப் பூ அது. அதிலும் இதே நஞ்சுதான். பெல்த்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1820இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். இன்றும் கௌட் என்னும் மூட்டுவலிக்கு மருத்துவர்கள் கோல்சிசின் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். மாடு தின்றால் செத்துப்போகும் பூ அது. ஆனாலும் பிரெஞ்சுக் குழந்தைகள் பாடும் பாட்டிலேயே அது வருகிறது. பெயர் தெரிந்த குழந்தைக்கு அதைத் தின்னக் கூடாது என்பதையும் சொல்லிவிடலாம்.

நம்மிடமும் அந்த வழக்கம் இருந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள்தான். கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்று ஊருக்கொரு பெயர். தமிழ்நாட்டுக்கு அது மாநில மலர். நம் புதுச்சேரி மாநிலத்துக்கு நாகலிங்கப் பூ. அதனால் காந்தள் நமக்கு அந்நியமாகிவிடாது. வேதாரண்யம் பக்கத்திலும், ஒட்டன்சத்திரம், மூலனூர் பகுதிகளிலும் விதைக்காகவே பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள்.

பெயர் மறந்துபோனால்தான் ஆபத்து. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்று உயிரை விட்டவர்கள் உண்டு. பிடுங்கிப் போட்டாலும் மண்ணுக்குள் ஒரு துண்டு தங்கிவிடும். அடுத்த மழைக்கு அது முளைக்கும்போது, அது என்னவென்று சொல்ல வீட்டில் ஆள் இருக்காது. விஷம் என்பதற்காக ஒழிப்பதென்றால் அரளியையும் எருக்கையும் ஊமத்தையையும் என்ன செய்வது? அரளி இல்லாத கோயில் நந்தவனம் உண்டா?

வளர்க்க விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காட்டிலிருந்து தோண்டாமல் நாற்றுப் பண்ணையில் கிழங்கு வாங்குங்கள். கிழங்கு கலப்பை போல இரண்டு கிளையாக இருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான். அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. ஆனி, ஆடியில் நடலாம். நம் களிமண்ணில் தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். மணலும் மக்கிய எருவும் கலந்து பாத்தியை ஒரு சாண் உயர்த்திக்கொள்ளுங்கள். நான்கு விரல் ஆழம் போதும். இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும். மெல்லிய குச்சியோ கம்பியோ கொடுத்தால் தானே ஏறும். பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, சிவந்து முடியும். தைக்குப் பிறகு கொடி காயும். செத்துவிட்டது என்று தோண்ட வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். கோடை முழுவதும் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும்.

சேனை, வள்ளி போட்ட பாத்திக்குப் பக்கத்தில் மட்டும் நடவே கூடாது. கிழங்கைக் கையாண்டால் கையை நன்றாகக் கழுவுங்கள். ஆடு மாடு எட்டாத இடமாக இருக்கட்டும். யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், வாந்தி வரும் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷம் சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். கை வைத்தியம் வேண்டாம்.

பேரப்பிள்ளைகள் வீட்டில் இருப்பதால் வேண்டாம் என்பார்கள். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நானும் நடச் சொல்ல மாட்டேன். விவரம் தெரிந்த பிள்ளைகள் என்றால், கார்த்திகையில் ஒரு நாள் கொடிக்கு முன்னால் நிறுத்தி, "இது காந்தள். பார்க்கலாம், பறிக்கக் கூடாது, வாயில் வைக்கவே கூடாது" என்று சொல்லுங்கள். நம் வயதில் இருப்பவர்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?