பிள்ளையை ஒட்டுண்ணி என்றார்கள்... ஐரோப்பிய ஆற்றுச் சிப்பிகளின் பெயர்க் குழப்பம்!

ஓர் ஆற்றில் இறங்கி இரண்டு சிப்பிகளை எடுக்கிறீர்கள். ஒன்று நீளமாக, மெல்லிய ஓட்டோடு இருக்கிறது. இன்னொன்று குட்டையாக, தடித்து, முனை தேய்ந்து கிடக்கிறது. இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா?

கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால், இதற்கு விடை தேடி ஐரோப்பிய விஞ்ஞானிகள் 250 ஆண்டுகளுக்கு மேலாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் எல்லாம் எளிமையாகத்தான் இருந்தது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758-ல் சில நன்னீர்ச் சிப்பிகளுக்கு மட்டும் பெயர் வைத்தார். ஒன்று அன்னத்தின் பெயரில், ஒன்று வாத்தின் பெயரில். இன்னொன்று ஓவியர் சிப்பி. அந்தக் கால ஓவியர்கள் வண்ணம் குழைத்து வைக்க அதன் ஓட்டைத்தான் கிண்ணமாகப் பயன்படுத்தினார்கள். முத்து தரும் ஆற்றுச் சிப்பியும் அந்தப் பட்டியலில் உண்டு. நூறு வயதைத் தாண்டியும் வாழக்கூடியது அது!

குழப்பம் 19-ம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கியது. ஜூல் ரெனே பூர்கின்யா என்பவரும் அவரைப் பின்பற்றியவர்களும் சிப்பி ஓடுகளை அளந்து தள்ளினார்கள். நீளம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, வளைவு இப்படி... கொஞ்சம் மாறினாலும் புது இனம், புதுப் பெயர். ஒரே குளத்துச் சிப்பிகள்கூடப் பல இனங்களாகிவிட்டன. பெயர்கள் நூற்றுக்கணக்கில் பெருகின.

அவர்கள் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஏமாற்றியது ஓடுதான். வேகமாக ஓடும் தண்ணீரில் வளர்ந்தால் ஒரு வடிவம், தேங்கிய சேற்றில் வளர்ந்தால் வேறு வடிவம். வயதாக ஆக உருவமும் மாறும். தண்ணீரில் சுண்ணாம்பு குறைந்தால் ஓடு அரிக்கும். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில் ஒருவர் ஒல்லி, ஒருவர் குண்டு என்பதற்காக வேறு வேறு குடும்பம் என்று சொல்வோமா?

இதைவிடப் பெரிய வேடிக்கையும் நடந்திருக்கிறது. 1797-ல் ராத்கே என்ற விலங்கியலாளர், தாய்ச் சிப்பியின் செவுளுக்குள் பொடிப்பொடியாக இருந்த உயிர்களைப் பார்த்தார். சிப்பியைத் தின்ன வந்த ஒட்டுண்ணி என்று நினைத்து, அதற்கும் தனிப் பெயர் வைத்துவிட்டார். அவை அந்தச் சிப்பியின் சொந்தக் குஞ்சுகள்! அவர் வைத்த 'குளோக்கிடியம்' என்ற பெயர் மட்டும் இன்றும் அந்தக் குஞ்சுகளுக்கு நிலைத்துவிட்டது.

ராத்கே முழுக்கத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. அவை ஒட்டுண்ணிகள்தான். ஆனால், ஒட்டுவது தாயிடம் அல்ல, மீனிடம். தாய் வெளியேற்றிய குஞ்சுகள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ கவ்விக்கொண்டு, வளர்ந்ததும் உதிர்ந்து ஆற்று மணலில் புதைகின்றன. எந்த மீனும் ஆகாது. ஒவ்வொரு சிப்பி இனத்துக்கும் ஒத்துவரும் மீன்கள் உண்டு. லின்னேயஸ் பெயர் வைத்த முத்துச் சிப்பிக்கு சால்மன் அல்லது டிரவுட் வேண்டும்.

இங்கேதான் பெயர் விவகாரம் வெறும் ஏட்டுச் சண்டையாக இல்லாமல் போகிறது.

20-ம் நூற்றாண்டில் காற்று திசை மாறியது. பிராங்க்பர்ட் அருங்காட்சியகத்தில் இருந்த ஃப்ரிட்ஸ் ஹாஸ், பூர்கின்யா கூட்டத்தின் பெயர்களை மூட்டை கட்டி, சில இனங்களுக்குள் அடக்கினார். யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் வேலை பறிபோய், அமெரிக்காவின் சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்தவர் அவர். உலகின் நன்னீர்ச் சிப்பிகளைத் தொகுத்த அவரது பெரிய நூல் 1969-ல் வந்தது. அதே ஆண்டில் அவர் இறந்தார்.

பிறகு டி.என்.ஏ சோதனை வந்தது. பூர்கின்யா வரிசையின் பெரும்பாலான பெயர்கள் தேவையில்லைதான் என்று தெரிந்தது. கூடவே, சேர்க்கக் கூடாத சிலவற்றையும் சேர்த்துவிட்டார்கள் என்பதும் தெரிந்தது. 1885-ல் போர்ச்சுகலில் பெயரிடப்பட்ட 'யூனியோ டியூமிடிஃபார்மிஸ்' ஓர் உதாரணம். நீண்டகாலம் இதை 'யூனியோ கிராசஸ்' என்ற பரவலான இனத்தின் கணக்கில் வைத்திருந்தார்கள். 2009-ல்தான் தனி இனம் என்று மீட்டார்கள். கோடையில் வற்றிப்போகும் தெற்கத்தி ஆறுகளில் வாழ்வது இது. அங்குள்ள கெண்டைக் குடும்பத்துச் சிறு மீன்கள்தான் இதற்குத் துணை. 'இங்கே அழிந்தால் என்ன, வடக்கிலிருந்து கொண்டுவந்து விடலாம்' என்ற கணக்கு இங்கே எடுபடாது.

2017-ல் ஐரோப்பிய நன்னீர்ச் சிப்பிகளை ஆய்வாளர்கள் 16 இனங்கள் என்று எண்ணினார்கள். அதுவும் நிலைக்கவில்லை. 2024-ல் வெளியான ஆய்வு, யூனியோ கிராசஸ் என்ற ஒற்றைப் பெயருக்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருப்பதாகச் சொன்னது. பரவலாக இருக்கிறது என்று நினைத்த ஒன்று, சின்னச் சின்னப் பகுதிகளில் மட்டும் வாழும் பலவாகிவிட்டது.

ஹாஸின் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. 1914-ல் முதல் உலகப் போர் வெடித்தபோது, ஊர் திரும்ப முடியாமல் அவர் ஸ்பெயினில் சில ஆண்டுகள் தங்கிவிட்டார். அப்போது எப்ரோ ஆற்றங்கரை ஊரான சாஸ்டகோவில், ஒரு பெரிய சிப்பியின் ஓட்டிலிருந்து கத்திப்பிடி செய்வதைப் பார்த்து எழுதினார். பின்னாளில் அந்தச் சிப்பி அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 1980-களில் எப்ரோவின் கீழ்ப்பகுதியில் உயிரோடு கிடைத்தது. அதை 'சூடுனியோ' என்ற பேரினத்தில் சேர்க்கிறார்கள் இப்போது. அது 1910-ல் ஹாஸ் வைத்த பெயர்!

பெயர் திரும்பிவிட்டது, மீன் திரும்பவில்லை. இந்தச் சிப்பியின் குஞ்சுகளைச் சுமந்த ஸ்டர்ஜன் மீன், அணைகளாலும் கேவியர் வேட்டையாலும் எப்ரோவில் இல்லாமலே போய்விட்டது. எஞ்சியிருப்பவை பெரும்பாலும் வயதான சிப்பிகள். ஸ்பெயினிலும் பிரான்சிலும் ஆய்வகத் தொட்டிகளில் வேறு வழி இல்லாமல், பிடித்து வைத்த மீன்களின் செவுளில் குஞ்சுகளை ஏற்றி வளர்த்துப் பார்க்கிறார்கள்.