மின்சார வண்டியும் வாடகை வீடும்

பெட்ரோல் செலவுக்குப் பயந்து மின்சார ஸ்கூட்டருக்கும் காருக்கும் மாறுவோர் பெங்களூரில் பெருகி வருகின்றனர். மின்சார வாகனங்களுக்கென 2017-லேயே தனிக் கொள்கை வெளியிட்டு வழிகாட்டிய மாநிலம் கர்நாடகம். வீட்டில் உள்ள மின் இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் அறிவித்தது. ஆகவே சட்டம் தடுக்கவில்லை. வீட்டு ஒயர் தாங்குமா என்பதே கேள்வி.

2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழ்த்தளத்து மின்சார ஸ்கூட்டர் கடையில் பிடித்த தீயால், மேலே ஹோட்டலில் தங்கியிருந்தோரில் 8 பேர் பலியாயினர். பின்னர் மத்திய அரசு பேட்டரி விதிகளைக் கடுமையாக்கியது. பேட்டரி திருந்தலாம், வீட்டு ஒயர் தானாகத் திருந்தாது.

எங்கே ஆபத்து?

இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரம் ஓடும். காரோ 16 ஆம்பியர் பிளக்கில் 3 கிலோவாட்டுக்கு மேல் இழுத்து, இரவெல்லாம் ஓடும். மெல்லிய பழைய ஒயரும் தளர்ந்த பிளக்கும் அத்தனை நேரமும் சூடேறும்.

எனவே காருக்கு மீட்டர் பலகையிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் ஆகியவை அவசியம். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடமே விட வேண்டும்.

யார் செலவு?

வாடகைக்குக் குடியிருக்கும் குமாஸ்தாவுக்கும் தொழிலாளிக்கும் சங்கடம் இங்கேதான். மீட்டர் பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்பது பெஸ்காம் பில்லிலேயே இருக்கும். அது போதாவிட்டால் கூட்டித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும்; கூட்டினால் மாதாந்தர நிலைக் கட்டணமும் உயரும். வீட்டுக்காரர் தயங்குவதில் வியப்பில்லை. அவருக்குத் தெரியாமல் ஜன்னல் வழியே ஒயரைத் தொங்கவிடுவதும் தீர்வல்ல. லைன் செலவு யாருடையது, கூடுதல் கட்டணம் யாருடையது என்பதை வாடகைப் பத்திரத்திலேயே எழுதிக் கொள்வது இருவருக்கும் நல்லது.

ஸ்கூட்டர்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாடிப்படிக்கு அடியில் சார்ஜ் போடுவது பல வீடுகளில் வழக்கமாகி வருகிறது. தீப்பிடித்தால் மாடியில் உள்ள குடித்தனங்கள் இறங்கி வர வேறு வழி கிடையாது. பெட்ரோலில் மிச்சம் பிடிக்கும் காசில் ஒரு பங்கை ஒயருக்கும் எர்த்துக்கும் செலவிடுவதே உண்மையான சிக்கனம்.