கொன்றையை வெட்டாதீர்கள்!

பங்குனி பிறந்தால் போதும். சில வீட்டு வாசல்களில் கோடரிச் சத்தம் கேட்கும்.

வெட்டுப்படுவது சரக்கொன்றை மரம்.

"மரம் பட்டுப் போச்சு. ஒரு இலை கூட இல்லை. கருப்புக் கருப்பாகக் காய்தான் தொங்குது" என்பார் வீட்டுக்காரர்.

"குப்பை கூட்டி மாளவில்லை. வெட்டினால் விறகாவது மிஞ்சும்" என்பார் வீட்டுக்கார அம்மாள்.

ஆள் வருகிறது. அரை நாளில் வேலை முடிந்து விடுகிறது.

இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால், அந்த மரம் கிளைக்குக் கிளை மஞ்சள் சரம் தொங்க விட்டிருக்கும்! வாசலே தங்கமாக மாறி இருக்கும்!

நகத்தால் சுரண்டுங்கள்

கொன்றை இலையை உதிர்ப்பது நோயினால் அல்ல. வெயில் காலத்தில் இலை வழியாகத் தண்ணீர் வீணாகும். அதைத் தடுக்க மரம் செய்யும் சிக்கனம் அது.

பிறகு சித்திரை, வைகாசியில் பூக்கும். கேரளத்தில் விஷுக் கனியில் வைப்பது இந்தப் பூதான். தாய்லாந்து நாடு 2001-ல் இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. அந்த மலரைத்தான் இங்கே அடுப்பில் வைக்கிறார்கள்!

மரம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? சிறு கிளை ஒன்றை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரு கிளை காய்ந்திருந்தால் வேறு கிளையிலும் பாருங்கள். அதற்குப் பிறகு கோடரியை எடுக்கலாமா என்று யோசியுங்கள்.

பாசமும் ஆபத்து

வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம். அளவுக்கு மீறிப் பாசம் காட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

இலை உதிர்ந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இது வேண்டாத வேலை. கன்றுக்குத்தான் முதல் இரண்டு வருடம் தண்ணீர் அவசியம். வளர்ந்த கொன்றை வெயிலைத் தாங்கும். தேங்கிய தண்ணீரைத்தான் தாங்காது.

மழைக் காலத்தில் இலையில் பச்சைப் புழு வந்தால், உடனே மருந்து தேடி ஓடுவார்கள். அந்தப் புழுக்களில் பல, வெளிர் மஞ்சள் வண்ணத்துப் பூச்சிகளாகப் பறக்கப் போகிறவை. வளர்ந்த மரம் இழந்த இலையை மறுபடி விட்டுக் கொள்ளும்.

கிளையைக் கழிக்க வேண்டும் என்றால் பூ முடிந்த பிறகு கழியுங்கள். பூக்கும் முன் கழித்தால் அந்த வருடத்துப் பூவும் சேர்ந்து போகும்.

சிமெண்டுச் சிறை

கோடரியை விடக் கொடியது சிமெண்டு. வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அடிமரம் வரை சிமெண்டுத் தளம் போட்டு விடுகிறார்கள். மழைத் தண்ணீர் எப்படி உள்ளே போகும்? வேர் எப்படி மூச்சு விடும்? மரம் கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். மெலிந்த மரம் ஒரு நாள் புயலில் கூரை மேல் விழும். பழி மரத்தின் மேல்!

சென்னையை 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் தாக்கியது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வேர் ஓட இடம் இல்லாத மரம் அப்படிப்பட்ட காற்றுக்கு எப்படி நிற்கும்?

டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்றால் சுமார் மூன்றே கால் அடி. வாசலில் கார் நிறுத்த இடம் ஒதுக்குகிறவர்கள், மரத்துக்கு இந்த மூன்றே கால் அடியைக் கொடுக்கக் கூடாதா?

உதிர்ந்த இலையையும் எரிக்க வேண்டாம். அந்த வட்டத்துக்குள்ளேயே கூட்டித் தள்ளுங்கள். மக்கி எருவாகி விடும். குப்பைத் தொல்லையும் பாதி குறையும்.

ஏற்கனவே வெட்டியவர்களுக்கு

பக்கத்துத் தெருவில் கொன்றை இருந்தால், முற்றிய காய் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். காயின் சதை பேதி மருந்து. வைத்தியர் சொல்லாமல் பெரியவர்களும் தின்னக் கூடாது.

விதையின் தோல் கெட்டியானது. அப்படியே ஊன்றினால் லேசில் முளைக்காது. உப்புத் தாளில் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, பிறகு ஊன்றுங்கள். கன்று வளர்ந்ததும் நல்ல வெயில் படும் இடத்தில், சுவரை விட்டுத் தள்ளி நடுங்கள். பூவைப் பார்க்கச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும்.