கொள்ளைக்காரன் இல்லாம வியாபாரம் ஏது?

'ஈவ் ஆன்லைன்'ல நான் கொள்ளைக்காரன்னு சொன்னாலே பலர் முகம் சுளிக்கிறாங்க. கொஞ்சம் யோசிங்க. 2003-ல் ஐஸ்லாந்துக்காரங்க வெளியிட்ட இந்த விண்வெளி விளையாட்டில் கப்பல் வெடிச்சா போனது போனதுதான். சரக்கிலும் ஒரு பகுதிதான் மிஞ்சும். அதனாலதான் ஆபத்தான பகுதிக்குச் சரக்கு ஏத்திட்டுப் போறவருக்கு நல்ல லாபம். நாங்க இல்லைன்னா, பெரிய சந்தையான ஜிட்டாவில் இருக்கிற விலைதான் கிட்டத்தட்ட எங்கேயும் இருக்கும். அப்புறம் வியாபாரிக்கு என்ன வேலை? பாதுகாப்பான பகுதியில்கூட கான்கார்ட் போலீஸ் தாக்கினவனை அழிக்குமே தவிர, தாக்குதலைத் தடுக்காது. இது தெரிஞ்சுதான் எல்லாரும் கிளம்புறோம்.

ஆனா நேத்து சேர்ந்த புதுப் பையனோட காலிக் கப்பலைச் சுட்டுட்டு, சாட்டில் அவன் புலம்புறதை ரசிக்கிற ஒரு கூட்டம் இருக்கு. அதில் கொள்ளையடிக்க என்ன இருக்கு? தயவுசெஞ்சு அவங்களை எங்க கணக்கில் சேர்க்காதீங்க.